பருப்பு வேகாத தண்ணீர்

எங்கள் வீட்டு ஷவரின் துளைகளை மாதத்துக்கு ஒருமுறை ஊக்கால் குத்திவிட வேண்டியிருந்தது. இல்லையென்றால் பாதி அடைத்துக்கொள்ளும், மீதித் துளைகளில் வரும் தண்ணீர் ஆள்மேல் விழாமல் சுவரில் அடிக்கும். குத்தும்போது வெள்ளைத் தூள் கொட்டும். பக்கெட்டின் உள்பக்கம், குழாயின் கழுத்து, குளியலறை டைல்ஸ், எங்கே பார்த்தாலும் அதே வெள்ளைதான். எத்தனை தேய்த்தாலும் மறுவாரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். வருடக்கணக்கில் அதைத் தேய்த்துக் கழுவியவள் நான்தான். ஆனாலும் புத்தி வரவில்லை.

செஞ்சிக்குள் கடைத்தெருப் பக்கம் வாடகைக்கு இருந்தபோது எங்களுக்குப் பொதுக் கிணறு இருந்தது. மகள் ஏழாவது படிக்கும்போது திண்டிவனம் ரோட்டில் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டு வந்தோம். கோட்டைப் பக்கம் திரும்பினால் பாறை, மண்ணைத் தோண்டினாலும் பாறை. போர் போட்ட லாரி ஒரு பகல் முழுக்கக் கத்தித்தான் தண்ணீரைக் கண்டது. என் வீட்டுக்காரருக்கு ஷவர் வைக்க வேண்டும் என்று ஒரே ஆசை. யாருடைய கல்யாணத்துக்கோ போய் லாட்ஜில் தங்கியபோது ஒருமுறை ஷவரில் குளித்துவிட்டார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு மொண்டு ஊற்றிக் குளிக்கிறவர்களைக் கண்டால் அவருக்குப் பாவமாக இருக்கும். மகளும் அப்பாவின் கட்சி. உள்ளே போனால் அரைமணி நேரம் வெளியே வரமாட்டாள்.

நான் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருக்கிறேன். போர் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது எனக்குச் சோறு போடுகிற பாடம். எவ்வளவு நேரம் கொதித்தாலும் பருப்பு தனியாக, தண்ணீர் தனியாக நிற்கும். அதனால் பருப்புக்கு மட்டும் நல்ல தண்ணீர் கொண்டு வந்தே ஆக வேண்டும் என்று கூடத்தில் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். வீட்டிலும் அப்படித்தான். தெருமுனையில் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற பேரூராட்சிக் குழாயில் மூன்று குடம் பிடித்து வைப்பேன். குடிக்க, டீ போட, பருப்பு வைக்க. யாராவது அதில் கை கழுவினால் எனக்கு வருகிற கோபத்துக்கு அளவே கிடையாது.

மகள் எட்டாவது போனதிலிருந்து அவளுடைய முடி கெட்டுப்போக ஆரம்பித்தது. அதற்கு முன்னால் எண்ணெய் வைத்துச் சீவினால் வழுக்கிக்கொண்டு போகும் சீப்பு, இப்போது பாதியில் சிக்கி நின்றது. நுனியெல்லாம் பிளந்து, செம்பட்டையாகி, தொட்டால் தென்னை நார் மாதிரி இருந்தது. தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தால் காய்வதற்குள் சடை சடையாக முறுக்கிக்கொள்ளும். என் முடியும் அப்படித்தான் ஆகியிருந்தது. எனக்கு வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்கும் வயதாகிறது என்று நினைக்க முடியாதே, அதனால் அவளையே குற்றவாளியாக்கினேன்.

எண்ணெய் வைப்பதில்லை என்றேன். ஈரத்தோடு ஃபேனுக்குக் கீழே உட்காருகிறாள் என்றேன். பாக்கெட் ஷாம்பூ, கையில் செல்போன், ராத்திரியில் தூங்காமல் இருப்பது, எல்லாவற்றையும் வரிசையாகக் குற்றம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளை முன்னால் உட்கார வைத்துச் சிக்கெடுக்கும்போது என் கோபமெல்லாம் சீப்பில் இறங்கும். அவள் தலை பின்னால் இழுபடும், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். 'பரட்டை' என்றுதான் கூப்பிடுவேன். வேடிக்கைக்குத்தான் சொல்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அழுதுகொண்டே சொன்னாள்.

"ம்மா, நம்ம தண்ணியிலதாம்மா ஏதோ இருக்குது. மேல்சித்தாமூர்ல சித்தி ஊட்ல குளிச்சா முடி நல்லாதான் இருக்குது."

என் தங்கை வீட்டில் கிணற்றுத் தண்ணீர். மகள் சொன்னது எவ்வளவு பெரிய உண்மை! பருப்பு வேகாத தண்ணீரைப் பற்றி ஊருக்கே பாடம் எடுக்கிறவள் நான். ஆனால் அந்த நிமிடம் என் வாயில் வந்தது வேறு.

"உன் சோம்பேறித்தனத்துக்குத் தண்ணி மேல பழி போடறியா? நாங்கெல்லாம் இதே தண்ணியிலதான குளிக்கிறோம்?"

அதற்குப் பிறகு அவள் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை.

பத்தாவது பரீட்சை நெருங்கியபோது முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. குளியலறையில் தண்ணீர் போகும் சல்லடையில் ஒவ்வொரு நாளும் ஒரு சுருள் கிடந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் நான் டாக்டரிடம் போகமாட்டேன், மேல்மலையனூருக்குத்தான் போவேன். அந்த அமாவாசைக்குக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நின்று, பரீட்சை முடிந்ததும் மகளுக்கு மொட்டை போடுகிறேன், முடி அடர்த்தியாக வரவேண்டும் என்று அங்காளம்மனிடம் வேண்டிக்கொண்டேன். மொட்டை அடித்தால் முடி நன்றாக வரும் என்று எங்கள் பக்கத்தில் சொல்லாதவர்கள் இல்லை. வேண்டிக்கொண்டது நான். தலை அவளுடையது. கேட்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

சொன்னதும் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள். குழந்தைக்கு மொட்டை போடுவது வேறு, வயதுக்கு வந்த பெண்ணுக்குப் போடுவது வேறு. அது எனக்குத் தெரியாமல் இல்லை. "லீவுலயே வளந்துடும்டி. ஆத்தாகிட்ட சொல்லிட்டேன், இனிமே மாத்த முடியாது" என்றேன். மூன்றாம் நாள் அவளே வந்து, "நெஜமாவே நல்லா வருமாம்மா?" என்று கேட்டாள். வரும் என்றேன். அவள் என்னை நம்பினாள்.

பரீட்சை முடிந்ததும், அமாவாசைக் கூட்டம் இல்லாத ஒரு புதன்கிழமை மூன்று பேரும் மேல்மலையனூருக்குப் போனோம். முடி இறக்குகிறவர் சீட்டை வாங்கிக்கொண்டு அவளை உட்கார வைத்தார். பின்னலை அவிழ்த்து, பக்கத்தில் இருந்த பக்கெட்டிலிருந்து தண்ணீரைத் தெளித்துத் தலையைத் தேய்த்தார். ஒரு கை ஊற்றினார், மறுபடியும் ஊற்றினார், விரலால் முடியை நசுக்கிப் பார்த்தார்.

"எந்த ஊரும்மா?"

"செஞ்சிதான்" என்றேன்.

"ஊட்ல போர் தண்ணியா?"

"ஆமா. ஏன்?"

"தண்ணி ஊத்துனா முடிக்குள்ள எறங்கவே மாட்டேங்குது பாரு. உப்புப் படிஞ்சிருக்குது. தெனம் நூறு தலை பாக்குறேன், தொட்டாலே எந்த தண்ணியில குளிக்கிறாங்கன்னு தெரியும். பாப்பா தலையில ஒரு கொறையும் இல்ல. மொட்டை அடிச்சிட்டுப் போயி அதே தண்ணிய ஊத்துனா, வர்ற முடியும் இப்பிடித்தான் வரும்."

மகள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. தப்பித்துவிட்டோம் என்கிற சந்தோஷம்தான் இருந்தது.

கத்தியை எடுக்காமல் அந்த மனிதரே வழியும் சொன்னார். "வயசுப் பொண்ணு. பூமுடி குடுத்துட்டுப் போங்களேன். மூணு கொத்து எடுத்தாப் போதும், ஆத்தா ஏத்துக்குவா."

"இன்னா சொல்ற? பூமுடியே குடுத்துடலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

அந்த இடத்தில் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மொட்டை என்று வேண்டிக்கொண்டு பூமுடி கொடுத்தால் ஆத்தா சும்மா விடுவாளா என்று பயந்தேன் என்றுதான் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். அது பாதிப் பொய். இரண்டு வருடமாக அவளைத் திட்டித் தீர்த்தது தப்பு, அவள் அழுதுகொண்டே சொன்னதுதான் சரி என்று மொட்டை போடும் அந்தக் கூடத்தில், அத்தனை பேருக்கு நடுவில், என் மகளுக்கு முன்னால் ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அம்மனை முன்னால் நிறுத்திக்கொண்டு பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"வேண்டிக்கிட்டது மொட்டை. எடுங்க" என்றேன்.

"ம்மா" என்றாள் மகள், ஒரே ஒருமுறை. பிறகு தானாகவே தலையைக் குனிந்துகொண்டாள்.

சந்தனம் பூசிய தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராமல் அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அன்று மத்தியானம் என் வீட்டுக்காரர் குளியலறைக்குப் போய் ஷவரின் வால்வை மூடிவிட்டு வந்தார்.

மறுநாளே அவள் தலைக்குத் தண்ணீர் பிடிக்கத் தெருக்குழாய்க்குக் குடத்தோடு போனேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் போனேன். அவள் வாசலில் வந்து குடத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "என் தலைக்கு நானே எடுத்துக்கிறேன்" என்றாள். பதினொன்றாவது, பன்னிரண்டாவது, இரண்டு வருடமும் தலைக்கு வேண்டிய தண்ணீரை அவளே தூக்கினாள். பள்ளிக்கூடம் திறந்தபோது தலையில் விரல்கடை அளவுகூட வளரவில்லை. யார் என்ன கேட்டார்கள், யார் சிரித்தார்கள் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. வீட்டில் அவள் சொல்லவில்லை.

முடி நன்றாகத்தான் வந்தது. கறுப்பாக, மெத்தென்று. ஆத்தா கொடுத்தது என்று பக்கத்து வீட்டம்மா சொன்னார்கள். பின்னல் போடுகிற அளவுக்கு வளர்ந்ததும் கண்ணாடிக்கு முன்னால் நின்று அவளே பின்னிக்கொண்டாள். என் முன்னால் வந்து உட்காரவே இல்லை. சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். வாம்மா, போம்மா, சாப்டியாம்மா என்று எல்லாம் மரியாதையாகத்தான் பேசுவாள். ஒரு சிக்கெடுக்கக்கூட என்னைக் கூப்பிட்டதில்லை.

போன வருடம் திருச்சியில் காலேஜ் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போனாள். முதல் லீவுக்கு வருகிறாள் என்று தெரிந்ததும் நான் விடியற்காலையிலேயே குழாயடியில் இடம் பிடித்து நான்கு குடம் கொண்டு வந்தேன். இரண்டு குடத்தை அண்டாவில் ஊற்றிச் சூடுபண்ணினேன். சீயக்காயும் செம்பருத்தி இலையும் அரைத்துவைத்தேன். இந்தமுறை வாய்விட்டுச் சொல்லிவிடவேண்டும், நீ சொன்னதுதான் சரிடி, நான் செய்தது தப்பு என்று சொல்லிவிட்டு அவள் தலையில் என் கையாலேயே ஊற்றவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு வந்தாள். பை தோளில் இருந்தது. முடி முதுகுவரை இறங்கியிருந்தது. என்னை அறியாமல் கை நீண்டுவிட்டது. அவள் விலகினாள் என்றுகூடச் சொல்லமுடியாது, பையை இறக்கிவைப்பதுபோல ஒரு அடி பின்னால் போனாள்.

"தண்ணி காயவெச்சிருக்கேன்டி, தலைக்கு ஊத்திக்க வா."

"இல்லம்மா. நேத்து அங்கயே தலைக்கு ஊத்திட்டுதான் வந்தேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

சொல்லவேண்டும் என்று வைத்திருந்ததை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன். அண்டாவிலிருந்த தண்ணீரைக் கீழே ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. நல்ல தண்ணீராயிற்றே. அதிலிருந்து மொண்டு மத்தியானத்துக்குப் பருப்பு வைத்தேன்.

சாப்பிடும்போது, "பருப்பு நல்லா வெந்திருக்குதும்மா" என்றாள்.