மயில் என்று எழுதிய மதியம்

சீவலப்பேரி போகும் சாலையோரத்தில் உள்ள ஒரு துணை மின்நிலையத்தில் எனக்கு வேலை. மின்சாரம் போனால் ஊரார் திட்டுவதை உட்கார்ந்து கேட்கிற வேலை என்றும் சொல்லலாம். வருடக்கணக்காகக் கேட்டுச் சலித்துவிட்டது.

அங்கே சுவரோரப் பெட்டியில் ரிலே என்றொரு கருவி இருக்கிறது. லைனில் ஓடும் மின்சாரத்தை ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அதன் பிழைப்பு. இரண்டு கம்பி உரசினால் மின்சாரம் தாறுமாறாக ஏறும். கம்பி அறுந்து தரையில் கிடந்தால், போனதில் ஒரு பங்கு திரும்பாமல் மண்ணுக்குள் இறங்கும். எதுவானாலும் ரிலே கண்டுபிடித்து, கண் இமைப்பதற்குள் லைனை நிறுத்திவிடும். நடந்தது என்னவென்று காட்ட, பெட்டிக்குள் விழும் இரண்டு சின்னச் சிவப்புத் தகடுகள்; கொடி என்போம். உரசலுக்கு ஒன்று, மண்ணுக்கு ஒன்று. மண் கொடி விழுந்தால் லைன்மேன் போய்ப் பார்க்காமல் திரும்பப் போடக்கூடாது.

எங்கள் பக்கம் மயில் தொல்லை அதிகம். கம்பிகளுக்கு நடுவே சிறகை விரித்து அடிபடும். அது கீழே விழுந்ததும் லைன் சரியாகிவிடும். அதனால் எதற்கு லைன் நின்றாலும் மயில்தான் என்று சொல்லிப் பழகிவிட்டோம். கொடியைப் பார்க்காமலே தூக்கி வைப்பது, மின்சாரத்தைப் போடுவது, பதிவேட்டில் மயில் என்று எழுதுவது. நானும் அப்படித்தான்.

ஆனி மாதக் காற்று பேயாய் அடித்த ஒரு மதியம் லைன் நின்றது. உடனே ஒரு விவசாயியிடமிருந்து போன்.

"அண்ணாச்சி, மோட்டார் நின்னுட்டு. நாத்து காயுது. செத்த சீக்கிரம் போடுங்க."

மயில் என்று எழுதினேன். கொடியைத் தூக்கி வைத்துவிட்டுப் போட்டேன். போட்ட கையோடு மறுபடி நின்றது. அப்போதுதான் கொடியைக் கண்ணால் பார்த்தேன். மண் கொடி.

லைன்மேனைக் கூப்பிட்டேன்.

"மயிலாத்தான் இருக்கும்வே. இன்னொரு தடவ போட்டுப் பாரும்" என்றார்.

"போட மாட்டேன். போய்ப் பாத்துட்டு வாரும்."

அரை மணி நேரத்தில் அவரே அழைத்தார். குரல் இறங்கியிருந்தது. "கம்பி அந்து நடவு வயல்ல கெடக்கு. இங்கன ஒரு அம்மா உம்மகிட்ட பேசணும்ங்காவ."

நாற்று நட வந்த பெண் அவள்.

"அண்ணாச்சி, கம்பி விழுந்ததும் எல்லாரும் வரப்புல ஏறிட்டோம். என் தூக்குவாளி வயல்லயே கெடந்துச்சு. மோட்டார் நின்னுட்டு, கரண்டு இல்லன்னு நெனச்சு எடுக்க எறங்கினேன். ஒரு எட்டுதான் வச்சேன், காலை வெட்டி இழுத்துட்டு. வரப்புலயே மல்லாக்க விழுந்தேன். அது தானா வந்துச்சா, யாரும் போட்டாவளா?"

"நான்தாம்மா போட்டேன்."

"பாத்துப் போடுங்க அண்ணாச்சி. எனக்கு ரெண்டும் சின்னப் புள்ளைக" என்றாள். அவள் திட்டியிருக்கலாம். திட்டு எனக்குப் பழக்கம்.

போனை வைத்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்தேன். மயில் என்பதை அடித்தேன். கொடியைப் பார்க்காமல் போட்டேன் என்று எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.