ஒரு பக்கம் மட்டும் உரித்தேன்

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி என்றால் எனக்குத் தூக்கம், விருந்தாளி, உறவுக்காரர் வீட்டு விசேஷம் எதுவும் கிடையாது. மூன்றிலிருந்து நான்கு வரை, பெங்களூரில் இருக்கும் என் மகளோடு லேப்டாப்பில் விளையாட வேண்டும். அவளுக்குப் பதின்மூன்று வயது. அவள் அம்மாவும் நானும் பிரிந்து நான்கு வருடமாகிறது. நான் தருமபுரி பக்கம் இண்டூரில் தனியாக இருக்கிறேன். போனில் பேசினால் "சாப்டியா", "சாப்டேன்", "படிக்கிறியா", "ம்" என்பதற்கு மேல் எங்கள் இருவருக்கும் பேச்சு ஓடாது. விளையாட்டில் மட்டும் ஓடும். அதில் நாங்கள் சேர்ந்து ஒரு மலையடிவாரத்தில் வீடு கட்டி, ஆறு ஆடு வளர்த்தோம். வேலியை எங்கே போடுவது என்று என்னோடு சண்டை போட்டபடியே, பள்ளியில் எந்தத் தோழி பேசாமல் இருக்கிறாள் என்பதையும் சொல்லிவிடுவாள். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் நான் அப்பா. மற்ற நேரமெல்லாம் பென்னாகரம் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் வாத்தியார்.

இதற்கென்றே வாங்கிய லேப்டாப் அது. மெலிசானது. "இதையே வாங்குங்கப்பா, ஸ்டைலா இருக்கு" என்று படம் அனுப்பியவளும் அவள்தான். ஆறே மாதத்தில் அதன் டிஸ்கில் இடம் போதவில்லை. எஸ்எஸ்டி எனும் வேகமான பெரிய டிஸ்க் ஒன்றை வரவழைத்து நானே மாற்றினேன். பத்துத் திருகாணி, விரல் நீளத்தில் ஒரு பலகை. இதற்கெல்லாம் ஓர் அறிவியல் வாத்தியார் கடைக்குப் போவானா? விளையாட்டு பறந்தது. ஆனால் புது டிஸ்கில் வேகத்தோடு சூடும் கூடவே வந்தது. அவ்வளவு ஒல்லியான உடம்புக்குள் காற்று போக வழியும் இல்லை. மார்ச் மாதம் என் வீட்டு ஷீட் கூரை காயத் தொடங்கியதும், இருபதாவது நிமிடத்தில் டிஸ்க் எண்பத்தைந்து டிகிரியைத் தொடும். தன்னைக் காத்துக்கொள்ள அது வேகத்தைக் குறைக்கும். திரை அப்படியே நின்றுவிடும். குரலும் அதே லேப்டாப் வழியாகத்தான் என்பதால் அதுவும் அறுந்துவிடும்.

"அப்பா, மறுபடியும் நின்னுட்டீங்க" என்பாள், நான் திரும்பி வந்ததும்.

அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் நான் கையில் கோடாலியோடு ஆட்டுக்கொட்டகை எதிரே மரமாக நிற்பேனாம். "நீங்க நிக்கறப்ப உங்க முன்னாடி வந்து குதிச்சுப் பாப்பேன்பா. ஒண்ணுமே சொல்ல மாட்டீங்க" என்றாள் ஒருமுறை.

பிறகு ஒரு ஞாயிறு அவள் விஷயத்துக்கு வந்தாள். மூன்று மணிக்குக் கணக்கு டியூஷன் ஒன்று இருக்கிறதாம். "எப்டியும் பாதில நின்னுடுது, அந்த நேரத்த எதுக்கு வீணாக்கறன்னு அம்மா கேக்கறாங்க."

"சரி பண்ணிடறேன் கண்ணு. ரெண்டு வாரம் டைம் குடு" என்றேன்.

லேப்டாப்பின் அடியில் இரண்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன். டேபிள் ஃபேனை அதன் முதுகுக்குத் திருப்பினேன். இரண்டு டிகிரி குறைந்தது. டிஸ்க் மேல் ஒட்டும் அலுமினியத் தகடு ஒன்றை வாங்கினேன். அதை வைத்தால் அடிமூடி மூடவில்லை. எனக்குத்தான் பொறுமை கிடையாதே, அழுத்தித் திருகினேன். மூடி வயிறு உப்பி நின்றது. கண்டபடி திட்டிவிட்டுத் தகட்டைக் கழற்றினேன். கடைசியில் தெர்மல் பேட் வாங்கினேன். பிசைந்த மாவு போல மெத்தென்று சாம்பல் நிறத்தில் இருக்கும். அதன் ஒரு பக்கம் டிஸ்கில் ஒட்டிக்கொள்ளும், மறுபக்கம் அடிமூடியைத் தொட்டுச் சூட்டை வெளியே கடத்தும். ஒட்டவேண்டிய பக்கத்தின் தாளை உரித்து ஒட்டினேன். மேல்பக்கம் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை பளபளத்தது. அது அழுக்காகாமல் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் புதுப் பொருளின் உறையை அவ்வளவு சீக்கிரம் யாரும் உரிக்க மாட்டார்கள். ரிமோட், மிக்ஸி, வண்டி சீட்டு, எல்லாம் உறையோடுதான் கிழடாகும். என் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் கல்யாணத்தின்போது வந்த உறை இன்னும் இருக்கிறது, ஓரமெல்லாம் சுருண்டு கறுத்துப்போய். சேர்ந்திருந்த காலத்தில் ஒருநாள் மனைவி அதன் ஒரு மூலையை உரித்தாள். இரண்டு நாள் கத்தினேன். நான் கத்தினால் தெருமுனை வரை கேட்கும். "வாங்கனது பொழங்கறதுக்கா, பாத்துட்டே இருக்கறதுக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவள் உள்ளே போனாள். அதற்கும் சேர்த்துக் கத்தினேன்.

பேட் ஒட்டிய ஞாயிறு, பதினைந்தாவது நிமிடமே நின்றது. அடுத்த ஞாயிறு பன்னிரண்டாவது நிமிடம். வெயிலைத் திட்டினேன், கூரையைத் திட்டினேன். மகள் எதையும் திட்டவில்லை. "பரவால்லப்பா" என்றாள். அந்தச் சொல்தான் என்னைப் பயமுறுத்தியது. திங்கட்கிழமை பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுத் தருமபுரி போனேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பெண் லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். மூடியைக் கழற்றியவர், நகத்தால் அந்த நீல உறையை நெம்பி எடுத்து என் முன்னால் தூக்கிப் பிடித்தார்.

"இத உரிக்கலீங்களா சார்?"

"அழுக்காயிடும்னு..."

"இது இருந்தா சூடு எப்டிங்க வெளிய போவும்? நம்மூர்ல பாதிப் பேரு இப்டித்தான் ஒட்டிக்கினு வராங்க. எங்க வூட்டு டிவிலயும் இன்னும் எடுக்கல, அது வேற கத." சிரித்துக்கொண்டே கேட்டார், "சார் என்ன பண்றீங்க?"

"வாத்தியார்."

"என்ன சப்ஜெக்டுங்க?"

"தமிழ்" என்றேன்.

"அதான பாத்தேன்" என்றார்.

அந்த ஞாயிறு இருபது நிமிடம் தாண்டியது. அரை மணி தாண்டியது. அறுபத்திரண்டு டிகிரிக்கு மேல் ஏறவில்லை. "அப்பா, இன்னும் நடக்கறீங்க!" என்று கூவினாள். நீல உறையின் கதையையும் நான் தமிழ் வாத்தியார் ஆன கதையையும் சொன்னேன். ஹெட்செட் அதிரும்படி சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் கேட்டு வருடக்கணக்காகிறது. எனக்குக் கண் கலங்கியது, நல்ல வேளை அவளுக்குத் தெரியாது.

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, ஆடுகளைக் கொட்டகைக்குள் விரட்டிக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, அடுத்த வாரத்துலேருந்து டியூஷன். போன வாரமே சேந்துட்டேன்."

"அம்மா சேத்துட்டாங்களா?"

"இல்லப்பா. நானேதான் சரின்னேன். நீங்க நிக்கறத பாத்துக்கிட்டே நிக்கறது ஒரு மாதிரி இருந்துச்சு."

நான் கொட்டகை எதிரே அப்படியே நின்றுவிட்டேன். அவள் என் எதிரே வந்து இரண்டு தரம் குதித்தாள்.

"அப்பா? நின்னுட்டீங்களா?"

"இல்ல கண்ணு. இங்கதான் இருக்கேன்."

அடுத்த ஞாயிறு மூன்று மணிக்குப் பழக்கத்தில் லேப்டாப்பைத் திறந்தேன். அவள் இல்லை. கொட்டகை வாசலில் ஒரு பலகை நட்டிருந்தாள்: "அப்பா, ஆட்டுக்குத் தீனி போடுங்க." போட்டேன். ஆறும் தின்றன. அப்புறம் வேலியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். நான்கு மணி வரை ஒருமுறைகூட நிற்கவில்லை. ஐம்பத்தெட்டு டிகிரிதான்.