பச்சையப்பன் சீரு வெச்ச மழப்படம்

சுத்துக்கேணியில கரும்பு போடறவன் பச்சையப்பன். என் கூட்டாளிதான், அதனால தைரியமா திட்டலாம். ஒரு பொருள குடுத்தான்னா அதுல அவன் பேரு இருந்தே ஆவணும். கோயில் டியூப்லைட்டுல 'உபயம் சு.பச்சையப்பன்'னு எழுதி எழுதி, வெளிச்சமே வர்ல, இவன் பேரு நெழலுதான் அம்மன் மூஞ்சில உழுது. பஸ் ஸ்டாப்பு பெஞ்சில பேரு. ஆட்டுக்குத் தண்ணி காட்ற தொட்டில பேரு. ஆட்டுக்குப் படிக்கத் தெரிஞ்சிருந்தா அது கூட தண்ணி குடிச்சிருக்காது.

தங்கச்சி ஜெயசுதாவுக்குக் கண்ணாலம் பண்ணி பாகூருக்கு அனுப்பும்போது, சீர் பாத்தரம் அத்தினிலயும் தன் பேர வெட்டி வுட்டான். அண்டாவுல இருந்து கரண்டி வரைக்கும். கொல்லைக்கி எடுத்துக்கினு போற சொம்பையும் வுடல. மாமியாருக்கு இது போதாதா?

"அடியே, அந்தப் பச்சையப்பன கவுத்து வெய்டி, ஈ மொய்க்குது."

"பச்சையப்பன நல்லா புளி போட்டுத் தேயேன்டி."

தெருவே சிரிச்சிது. ஜெயசுதா அழுத அழுகையில பாகூர் ஏரி ரொம்பி வழிஞ்சி கோடி போயிருக்கும். ஒரு நாளு அத்தினியும் மூட்ட கட்டியாந்து அண்ணன் வூட்டு வாசல்ல போட்டுட்டுப் பூட்டா. அதோட பேச்சு நின்னு வருசக்கணக்காச்சி. இவன் வீராப்பா சுத்தினாலும், பாகூரு பக்கத்து ஆளு எவனப் பாத்தாலும் "எங்க சுதா எப்பிடி கீது"ன்னு கேப்பான். கேட்டுட்டு மூஞ்சத் திருப்பிக்குவான், கண்ணுல தூசு உழுந்த மாதிரி.

போன வைகாசில ஜெயசுதா புது வூடு கட்டிக் குடி போனா. எனுக்குப் போன் பண்ணா. "அண்ணே, பொறந்த வூட்டு சீரு இல்லாத பால் காச்ச மனசு வர்ல. அவரு வரட்டும். ஆனா பேரு போடாத பொருளோட வரட்டும். பேரப் பாத்தேன், வாசல்லயே திருப்பி அனுப்பிடுவேன்."

பச்சையப்பன்கிட்ட சொன்னேன். நாலு மொழம் மூஞ்சி பத்து மொழமாச்சி. "பேரு போடாத குடுத்தா யார்ரா குடுத்தாங்கன்னு எப்பிட்றா தெரியும்?"

"ஒன் தங்கச்சிக்குத் தெரியும்டா, பேமானி."

ரொம்ப யோசன பண்ணி ஒரு முடிவுக்கு வந்தான். பாத்தரம் வாணாம், படம் வாங்கலாம். படத்த யாரும் புளி போட்டுத் தேய்க்க மாட்டாங்களாம். என் குட்டியானை வண்டியிலயே வில்லியனூர் போனோம். அங்க ரிட்டையர் டிராயிங் மாஸ்டரு அந்தோணிசாமி வூட்ல வரஞ்சி வெச்சிருந்தாரு. இவன் எந்தப் படத்தயும் பாக்கல, கைய விரிச்சி அளந்தான். கதவு சைஸ்ல ஒண்ணு இருந்திச்சி. "இதான்"ன்னான்.

அது ஒரு காடு. கோட மழ பேயுது. சவுக்குத்தோப்பத் தவுர நாம இன்னாத்தக் காட்டக் கண்டோம், ஆனா அந்த ஆளு சும்மா சொல்லக் கூடாது, தூரல் கண்ணுல பட்டுடும்னு நான் ஒரு தபா தலைய ஒதுக்கிக்கினேன். காஞ்ச மண்ணுல மொதத் தண்ணி உழுந்தா முட்டி ஒயரத்துக்குப் பொக கெளம்புமே, அதயும் வுடாத வரஞ்சிருக்காரு. எலைங்கல்லாம் எண்ண தடவுன மாதிரி. ஒரு ஓரத்துல வெயிலு வேற. வேல வெட்டி இல்லாத மனுசன்.

வண்டியில ஏத்துனா இவன் மேல தார்ப்பாய் போட்டு மூட்றான். "இன்னாத்துக்குடா, உள்ளதான் ஏற்கெனவே நனையுதே"ன்னேன். மொறச்சான்.

வழியில டீக்கடையில நிறுத்தினேன். தார்ப்பாயத் தூக்கிப் பாத்தவன் கத்துன கத்துல டீ மாஸ்டரு ஆத்திக்கினு இருந்த டீ என் மேல.

"டேய்! மூலையில பார்ரா! அந்தோணிசாமின்னு போட்டுக்கினான்டா! சீரு என்னுது, பேரு அவனுதா?"

"வரஞ்சவன் பேரு போட்றது வழக்கம்டா."

"கொத்தனாரு வூடு கட்றான், செவுத்துல பேரு போட்றானா? நாளைக்கி பாகூர்ல இன்னா சொல்லுவான்? ஜெயசுதாவுக்கு அந்தோணிசாமின்னு இன்னொரு அண்ணன் கீறான்னு சொல்லுவான்!"

ஓடிப் போய் மார்க்கர் பேனா வாங்கியாந்தான். அந்த மழ மேலயே, வானத்துக்கு நடுவுல எழுதப் போறான்.

"எழுது. எழுதிட்டு இப்பிடியே வூட்டுக்குத் திரும்பிடலாம். எனுக்கு டீசல் மிச்சம்."

மூடியத் தொறந்தான். மூட்னான். மறுக்கா தொறந்தான். கடசில சட்டப் பையில சொருவிக்கினு, பாகூர் வரைக்கும் பல்லு வலிக்காரன் மாதிரி வந்தான்.

ஜெயசுதா வாசலுக்கு வந்தா. படத்தப் பொரட்டி முதுகப் பாத்தா. ஃபிரேமுக்கு அடியில குனிஞ்சி பாத்தா. மூலையில இருந்தத மட்டும் வெரல்ல தொட்டு, "இது?"ன்னா.

"வரஞ்சவரு"ன்னான் இவன். அந்த ஒரு வார்த்தைக்கி அவன் பட்ட பாடு, பிரசவம் தோத்துது.

ஹால்ல மாட்டுன்னு கையக் காட்டிட்டு உள்ள பூட்டா.

சனம் வந்திச்சி. ஒரு கெழவி "புது வூட்ல அதுக்குள்ள செவுரு ஒழுவுதேடி"ன்னு பொடவயத் தூக்கிக்கினு நடந்தா. வரவன்லாம் மூலையப் பாத்து, "யாருய்யா இந்த அந்தோணிசாமி? பெரிய மனசுய்யா!" இவன் சேர இழுத்துப் படத்துக்குக் கீழயே குந்திக்கினான். "வாங்கனது நானு, வாங்கனது நானு." மைக்கு செட்டு கூட நடுவுல ஓய்ஞ்சிது, இவன் ஓயல. இன்னா படம்னு கேட்டா சொல்லியாவணுமே, அப்பதான் பய மொத தபா திரும்பிப் பாத்தான். மத்தியானத்துக்குள்ள பேச்சே மாறிப் போச்சி. "மரத்தப் பாரு சித்தப்பா, ஒரு பக்கம் கருப்பா ஊறிக் கெடக்கு, மறு பக்கம் வெள்ளையா காஞ்சி கெடக்கு. மழ இப்பதான் புடிச்சிருக்கு, சாஞ்சி அடிக்குது." எனுக்கே எரிச்சலா இருந்திச்சி. காலம்பற அது படமா பாயான்னு தெரியாதவன்.

பந்தி போட்டாங்க. அவன் எழுந்திருக்கல. காவல வுட்டா அந்தோணிசாமி ஜெயிச்சிடுவாரே.

ஜெயசுதா வந்து எதுருல நின்னா. "அண்ணே, எல போட்டாச்சி. வந்து குந்து."

இத்தினி வருசத்துல அவனுக்கு மொத 'அண்ணே'. படத்தப் பாத்தான், அவளப் பாத்தான். எழுந்து பின்னாடியே போனான், கன்னுக்குட்டி தோத்துது.

காலி சேர்ல நான் குந்துனேன். வீராம்பட்டினத்துல இருந்து வந்த ஒருத்தரு கேட்டாரு. "சூப்பரா கீதேப்பா, யாரு வெச்ச சீரு?"

எனுக்கு வாயி சும்மா இருக்குமா? "அந்தோணிசாமி சீருங்க!"ன்னேன், பந்தி வரைக்கும் கேக்கற மாதிரி.

பச்சையப்பன் சோத்துக் கையோட பாதி எழுந்துட்டான். ஜெயசுதா அவன் எலையில இன்னொரு வடைய வெச்சா. குந்திட்டான்.