பூ விழாமல் கொடுக்காதவர்

கரியாலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தபோதுதான் வெள்ளையன் பெரியவரின் மகள் குப்பம்மாளின் போன் வந்தது. "அக்கா, அப்பா விடியகாலம் போயிட்டாருக்கா" என்றாள். அழவில்லை. கொஞ்சம் நிறுத்தி, "பூ வெச்சிக் கேட்டோம். வுழ மாட்டேங்குது. நீங்க வாங்க" என்றாள். கையிலிருந்த குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சுற்றி நின்றவர்களுக்கு அந்தப் பேச்சு புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது.

வெள்ளையன் பெரியவரை உங்களில் பலருக்குப் 'பெண்வீட்டுக்காரர்' என்றால்தான் தெரியும். வடக்கனந்தலைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிற முருகன் கோவிலில், பங்குனி உத்திரத்தன்று காலையில் வள்ளி திருக்கல்யாணம் நடக்கும். கீழ்நாட்டு ஊர்க்காரர்கள் மாப்பிள்ளை வீடு. வள்ளி மலையில் பிறந்தவள் என்பதால் மலைக்காரர்கள் பெண்வீடு. தேனும் தினைமாவும் வாழைத்தாருமாகச் சீர் சுமந்துகொண்டு அவர்கள் இறங்கி வருவார்கள். தாலி கட்டுவதற்கு முன் பெண்வீட்டுப் பெரியவர் உற்சவச் சிலையின் வலது தோளில் ஒரு வெள்ளை அரளிப் பூவை வைத்து, "சம்மதமாம்மா?" என்று கேட்க வேண்டும். பூ தானாக விழ வேண்டும். விழுந்ததும் அவர் "கொடுத்தோம்" என்பார். அதன் பிறகுதான் குருக்கள் தாலியைத் தொடலாம். மண்டபத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஊர் ஜோடிகளுக்கும் அதன் பிறகுதான் கெட்டிமேளம்.

சீரில் குறை கண்டுபிடிப்பதற்கென்றே எங்கள் கீழ்நாட்டில் ஆட்கள் உண்டு. "இன்னா சம்பந்தி, தேன்ல தண்ணி ஜாஸ்தியா கீதே" என்று வம்புக்கு இழுப்பார்கள். "எங்க பொண்ண ஒழுங்கா வெச்சிக்கினீங்களான்னு மொதல்ல அதுகிட்ட கேட்டுட்டு வர்றேன். அப்பறம் தேனப் பத்திப் பேசலாம்" என்று சொல்லிவிட்டு வெள்ளையன் பெரியவர் நேராக வள்ளியிடம் போவார். சிலையின் காதருகே குனிந்து ஏதோ பேசுவார். பிறகு தன் காதைக் கொடுத்துக் கேட்பார். நடுநடுவே தலையாட்டுவார். கேலி பேசியவர்கள் அப்போது வாயை மூடிக்கொள்வார்கள். அவர் முகத்தைப் பார்த்தால், எதிரில் ஆள் இருந்து பதில் சொல்வதாகத்தான் தோன்றும்.

ஒரு வருடம், மாலையோடு உட்கார்ந்திருந்த மணப்பெண்களில் நானும் ஒருத்தி. எனக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அத்தை மகனுக்கு நாள் குறித்துவிட்டார். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விடிந்ததிலிருந்து காய்ச்சல் வேறு. சொன்னால் நடிக்கிறாள் என்பார்கள் என்று வாயே திறக்கவில்லை. "வேணாம், இன்னிக்கு வேணாம்" என்று மனசுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெரியவர் பூவை வைத்துக் கேட்டார். பந்தல் துணி காற்றில் படபடத்தது. சாமியின் கழுத்து மாலைகள் ஆடின. குருக்களின் மேல்துண்டு பறந்தது. தோளில் இருந்த பூ மட்டும் அசையவில்லை. நாதஸ்வரக்காரர் வாசித்து வாசித்து ஓய்ந்துபோய்க் குழலைக் கீழே இறக்கினார். குருக்கள் யாருக்கும் தெரியாமல் பீடத்தை லேசாக ஆட்டிப் பார்த்ததை நான் கண்ணால் கண்டேன். பீடம் ஆடியது. பூ ஆடவில்லை. அவ்வளவு கூட்டத்தில் ஒரு குழந்தைகூட அழாததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

"நேரம் போய்க்கினு கீது, சொல்லிடுய்யா" என்றார் தர்மகர்த்தா.

"பொண்ணு ஒத்துக்கலீங்க."

"சாமி கல்யாணத்தையே நிறுத்துவியா நீ? அடுத்த வருசம் மல எறங்கிடுவியா பாக்கறேன்."

"எறங்காட்டிப் போறேங்க. பொண்ணு சரின்னு சொல்லாம நான் குடுக்க மாட்டேன்."

யாரோ அவர் துண்டைப் பிடித்து இழுத்தார்கள். அவர் திரும்பவே இல்லை. சிலையையே பார்த்துக்கொண்டு நின்றார். முகூர்த்தம் கழிந்தது. என் அத்தைதான் முதலில் எழுந்தாள். "சாமி கல்யாணமே நின்னுப்போச்சி. இந்தப் பொண்ணு வர்ற நேரம் சரியில்ல, எந்திரிடா" என்று மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினாள். அப்பா பின்னாலேயே ஓடினார். நான் கழுத்து மாலையைக் கழற்றித் தரையில் வைத்தேன். மண்டபமே "ஆ" என்றது. நிமிர்ந்தேன். வள்ளியின் தோளில் பூ இல்லை. காற்று அப்போது அடியோடு நின்றிருந்தது. "கொடுத்தோம்" என்றார் பெரியவர்.

அதன் பிறகு என்னைக் கட்ட யாரும் முன்வராததால் அப்பா வேறு வழியில்லாமல் படிக்க அனுப்பினார். பல வருடம் கழித்து மலைக்கே எனக்கு வேலை மாற்றல் வந்தது. பெரியவர் வீட்டில் சாமைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், "அன்னிக்கு எனக்காகவா அப்டி நின்னீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

"ஒன்ன நான் பாக்கவே இல்லியேம்மா. பூ வெக்கறப்ப சாமி தோளத் தொட்டேன். காய்ச்சக்காரங்க ஒடம்பு மாரி கொதிச்சிக்கினு இருந்துச்சி. இந்த ஒடம்போட ஒரு பொண்ண எப்டி அனுப்பறதுன்னு நின்னுட்டேன்" என்றார்.

சோறு என் கையிலேயே நின்றது. அன்று எனக்குக் காய்ச்சல் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவரிடமும் சொல்லவில்லை. சொன்னால், தெரியும் என்பதுபோல் தலையாட்டிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

போன் வந்த அன்று நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டியிருந்தது. அவரைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். வலது தோளில் வெள்ளை அரளி. வெளியே பாடை தயாராக இருந்தது, ஆண்கள் தூக்கக் காத்து நின்றிருந்தார்கள். "என்னையும் கேக்காம தூக்கக் கூடாதுன்னு சொல்லிக்கினே இருப்பாருக்கா. நான் கேட்டேன், அண்ணன் கேட்டுச்சி. அப்டியே கீது" என்றாள் குப்பம்மாள்.

பூவைத் தொடாமல் அவர் தோளில் கை வைத்தேன். இத்தனை வருட வேலையில் எத்தனையோ உடல்களைத் தொட்டவள் நான். விடியற்காலையில் உயிர் போன உடம்பு இந்நேரம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அந்தத் தோள் சுட்டது. கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன். சுட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலைப்பாதை முழுக்க ஜீப்பில் நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தது அதே வார்த்தை. வேணாம், இன்னிக்கு வேணாம். அவர் போகச் சம்மதித்துவிட்டார். ஒத்துக்கொள்ளாதவள் நான்தான். பெற்ற அப்பனுக்கு அழாத அழுகையை அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. கேட்காமல் கொடுக்கிற வீடு இல்லையே அது. கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கொடுத்தோம்" என்றேன்.

பூ என் மடியில் விழுந்தது. தோளைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

அவர் போய்விட்டார் என்பதை நான் நம்பியது அப்போதுதான். பூவை அவரோடு குழியிலேயே போட்டுவிட்டேன். வரும் உத்திரத்துக்கு என்னையே பூ வைக்கச் சொல்கிறார்கள். குப்பம்மாள் வைக்கட்டும், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அப்படி அசையாமல் நிற்பதை மட்டும்தான். பூ விழவில்லை என்றால், எந்தத் தர்மகர்த்தா அதட்டினாலும் சரி, மாலையோடு உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் போய் ஒவ்வொருத்தி நெற்றியையும் தொட்டுப் பார்ப்பேன்.