கேதத்து வீட்டில் கை நனைக்காத ஊர்

என் இடது கை மரத்துப்போனால் எனக்கு மாரடைப்பு என்று அர்த்தம். இது டாக்டர் சொன்னதல்ல, நானே கண்டுபிடித்தது. தென்காசியில் என் நெஞ்சைப் பார்க்காத ஈசிஜி எந்திரம் இருக்குமா என்பது சந்தேகம். எல்லா இடத்திலும் "ஒண்ணும் இல்ல, கேஸ்தான்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்தத் தாள்களை ஸ்கூட்டர் டிக்கியிலேயே வைத்திருக்கிறேன். எங்கேயாவது விழுந்து கிடந்தால், எடுத்துப் பார்க்கிறவர்களுக்காவது நான் நல்ல ஆரோக்கியத்தோடு செத்தேன் என்று தெரியட்டும்.

போன ஐப்பசியில் அண்ணன் இறந்ததிலிருந்துதான் இப்படி. நாங்கள் இருவரும் சேர்ந்து பாத்திர வாடகைக் கடை நடத்தினோம். அண்டா, குண்டான், நாற்காலி, சாமியானா. கல்யாணத்துக்கும் நாங்கள்தான், கருமாதிக்கும் நாங்கள்தான். அண்ணன் இறந்த அன்றைக்கும் எங்கள் கடை நாற்காலிகள்தான் வாசலில் கிடந்தன. வரிசையாகப் போட்டது நான். கால் ஆடிய ஒன்றைத் தனியே எடுத்துச் சுவரோரம் வைத்ததுகூட நினைவிருக்கிறது. அழுததுதான் நினைவில்லை, காரணம் நான் அழவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் எப்படி இருக்கும்? மனது அப்படி இருந்தது. தொட்டால் அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரியும், என்ன என்று தெரியாது.

எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போவதைக் கேதம் கேட்பது என்போம். அதற்கு முறை இருக்கிறது. போய்க் கையைப் பிடிக்க வேண்டும். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்து உட்கார வேண்டும். பிறகு ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும். "போயிட்டு வாரேன்" என்பது வாய் தவறியும் வரக்கூடாது. இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. நேரே போய்த் தலை முழுகிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

இந்த முறை தெரியாமல் அண்ணன் கேதத்துக்கு வந்த ஒரே ஆள் சர்தார். காற்றாலைகளை நட்டு நிறுத்தக் கிரேனோடு பஞ்சாபிலிருந்து வந்தவர். காற்றாலைகள் நின்றன, அவரும் நின்றுவிட்டார். தலைப்பாகை, தாடி, மற்றபடி பேச்செல்லாம் எங்களைவிடச் சுத்தமான தென்காசிப் பேச்சு. வந்தார், கையைப் பிடித்தார், உட்கார்ந்தார். கூட உட்கார்ந்தவர்கள் எல்லாம் எழுந்து போன பிறகும் அவர் எழவில்லை.

"சாப்பாடு எங்கன இருக்குவே?" என்றார்.

கூடத்தில் இருந்த சொந்தங்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள், நான்தான் அவரை அப்படிக் கேட்கச் சொன்னது போல.

"சர்தார், இது கேதத்து வீடு."

"அதான் கேக்கேன். நீரு சாப்பிட்டீரா?"

நான் சாப்பிடவில்லை. அவரே பின்கட்டுக்குப் போய், சம்பந்தி வீட்டார் கொண்டு வந்து வைத்திருந்த சோற்றை இரண்டு தட்டில் போட்டு எடுத்து வந்தார். நான் தின்று முடிக்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டு தானும் தின்றார். கிளம்பும்போது வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி, "போயிட்டு வாரேன்" என்றார். என் சித்தப்பா இன்னும் அதிலிருந்து மீளவில்லை. இப்போதும் இருமல் வந்தால் சர்தாரைத்தான் திட்டுகிறார்.

இந்த வருஷம் சாரல் தொடங்கி, குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழத் தொடங்கியிருந்த ஒரு காலையில் சர்தாரின் வீட்டம்மா போன் செய்தாள்.

"அண்ணாச்சி, எங்க பாபா போயிட்டாவ."

அவர்கள் வீட்டுக் கூடத்தில் பாபாவின் படம் உண்டு. வெள்ளைத் தாடி, நீலத் தலைப்பாகை, கையில் ஒரு மரக்கன்று. சர்தாருக்கு அவர்தான் எல்லாம். "உம்ம குருவா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். "குரு எங்களுக்கு கிரந்தம்ங்கிற வேதப் புஸ்தகம் மட்டுந்தான்வே. பாபா எங்க பெரியவரு" என்றார்.

"இவுக நேத்து ராத்திரி சேதி வந்ததுலேருந்து பேச மாட்டேங்காவ. ஒரு வாய் சாப்பிடல, சுகர் மாத்திரைய மட்டும் வெறும் வயித்துல போட்டிருக்காவ" என்றாள். "இன்னைக்கே அங்கன பஞ்சாப்புல எல்லாம் முடிஞ்சிரும். இங்கேருந்து போய்ச் சேர முடியாது. அதான் மத்தியானம் வீட்டுலயே ஜெபம் வச்சி, வாறவுக எல்லாருக்கும் லங்கர் போடணும்னு எழுதிக் காட்டுதாவ. எல்லாரும் சாப்பிட்ட பொறவுதான் தான் சாப்பிடுவாவளாம். பாபா அப்படித்தான்."

லங்கர் என்றால் எல்லோரும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு. சர்தார் தன் கிரேன் கொட்டகையில் லாரி டிரைவர்களுக்கு மாதம் ஒரு நாள் போடுவார். என் அண்டாக்கள்தான் போகும். வாடகை வாங்க மாட்டேன் என்றால், அண்டாவையே தூக்கித் திரும்பக் கொண்டு வந்து வைத்துவிடுவார், அதனால் வாங்கிக்கொள்வேன்.

போனேன். சர்தார் பின்பக்கம் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்தது. வெங்காயத்துக்கு வழிந்த நீர் அது. எனக்கு அந்த வித்தியாசம் தெரியும், நான் அந்தத் துறையில் தேர்ந்தவன். அவரும் ஊசி போட்ட வாயோடு இருந்தார்.

சப்பாத்தி தேய்க்க டிரைவர்கள் வந்திருந்தார்கள். மாவு பிசைந்துகொண்டே வீட்டம்மா பாபாவைப் பற்றிப் பேசினாள். யாருக்கும் என்றில்லாமல், பேச்சு நின்றால் வீடு அமைதியாகிவிடுமே என்பதற்காகப் பேசியது போல இருந்தது. பாபா முதலில் லாரி ஓட்டியவராம். மழைக்கு ஒதுங்க ஒரு குருத்வாராக் கோயிலுக்குள் போனவர், வாசலில் கிடந்த செருப்புகள் சேறாக இருப்பதைப் பார்த்துத் துடைக்க உட்கார்ந்தாராம். அப்படியே பல வருஷம் அந்த வாசலிலேயே. அப்புறம் தூர்ந்துபோன கால்வாயில் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் மண்வெட்டியோடு இறங்கினாராம். பார்த்துக்கொண்டு நிற்க வெட்கப்பட்டு ஊரே இறங்கியதாம். பிரசங்கம் செய்ததே இல்லை. பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு கன்று கொடுத்து அனுப்புவார்.

"ஒரு தடவை வெள்ளம். ஜனம் எல்லாம் மொட்டை மாடில நிக்கி. சாப்பிட நம்ம கிட்ட வர முடியாதுல்லா, அதனால பாபா அண்டாவப் படகுல ஏத்தி அவுக கிட்டப் போயிட்டாவ."

"சர்தார் எப்படி அவருகிட்டப் போனாவ?"

"அப்பாகூட வயல் சண்டை. வெட்டிருவேன் குத்திருவேன்னு பாபாகிட்ட நியாயம் கேக்கப் போனாவ. அங்கன போனா மொத சாப்பிடணும், பொறவுதான் பேச்சு. சாப்பிட்டாவ. அதுக்கப்புறம் என்ன கேக்க வந்தோம்னு மறந்துபோச்சாம். பாபா இவுக கையில ஒரு கரண்டியக் குடுத்து, போய்ப் பரிமாறுன்னுட்டாவ."

அந்தக் கரண்டி சர்தாரின் மடியில் இருந்தது.

மத்தியானம் ஊர் வந்தது. சர்தாருக்குத் தென்காசியில் நல்ல பெயர். உள்ளே வருகிறவர்கள் தலையை மூட வேண்டும் என்றதும், கடைக்கார அண்ணாச்சிமார்கள் எல்லாம் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்கள். பஜாரே ஒரே நாளில் திவாலாகி வந்து உட்கார்ந்தது போல இருந்தது. சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. சர்தார் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்த சிறிய ஜெபப் புத்தகத்தைப் பிரித்து வாசித்தார். யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் அசையாமல் இருந்தார்கள். முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து அவர் கையைப் பிடித்தார்கள். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார்கள். பிறகு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார்கள்.

முற்றத்தில் பந்திப் பாய்கள் விரித்தபடி கிடந்தன. பருப்பு வாளியும் கரண்டியுமாக சர்தார் நின்றுகொண்டிருந்தார். பாயில் ஒருவரும் இல்லை.

கருமாதி வீடுகளுக்கு அண்டா அனுப்பியே வயிறு வளர்த்தவன் நான். இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான் பாயசத்துக்கு முந்திரி போதுமா என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். வாசலுக்கு ஓடி, பலசரக்குக் கடை அண்ணாச்சியை மறித்தேன். அவர் உட்கார்ந்தால் பஜார் உட்காரும்.

"அண்ணாச்சி, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

"ஏலே, கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு? கேதத்து வீட்டுல எவனும் கை நனைப்பானா?"

"இது அவுக முறை அண்ணாச்சி. சாப்பிட்டாத்தான் மரியாதை."

"அவுக முறைக்குத்தான் துண்டக் கெட்டிட்டு உக்காந்தேம்லா. எம்முறைக்கு நான் தலை முழுகணும். அப்படியே அருவிக்குப் போயிட்டு வீட்டுக்குப் போயிருதேன். தண்ணி நல்லா விழுதாம்."

திரும்பி வந்தேன். சர்தார் பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். நெற்றி வேர்த்து வழிந்தது, வாளியைக் கீழே வைத்துவிட்டார். வீட்டம்மா ஒரு வெல்லக்கட்டியை நீட்டினாள். அவர் தலையை அசைத்து மறுத்தார். "நீங்க சொல்லுங்க அண்ணாச்சி, நீங்க சொன்னா கேப்பாவ" என்றாள் என்னிடம். நான் சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள், கேட்டதாகச் சரித்திரம் இல்லை. அந்த நேரம் பார்த்து என் இடது கை மரத்தது. கவிழ்த்து வைத்திருந்த குண்டான் மேல் உட்கார்ந்தேன். சுகர் இறங்கி அவர் விழுவதா, நெஞ்சு அடைத்து நான் விழுவதா என்று போட்டி. என்னைத் தூக்கிப்போனால் இந்தச் சாமான்களை யார் கழுவிக் கடையில் சேர்ப்பது என்று ஒரு யோசனை. அண்ணன் இருந்தால் சேர்ப்பான் என்று அடுத்த யோசனை. அப்புறம் அருவி நினைவு வந்தது.

"சர்தார்" என்றேன். "இவங்களுக்கு உம்ம மேல வருத்தம் ஒண்ணும் இல்ல. எங்க ஊர்ல கேதத்து வீட்டுல சாப்பிட மாட்டாங்க. தலை முழுகிட்டுத்தான் சாப்பிடுவாங்க."

அவர் என்னைப் பார்த்தார். ஜெபம் வாசித்ததைத் தவிர, நேற்று இரவுக்குப் பிறகு முதல்முறையாகப் பேசினார். "எங்கன போய் முழுகுவாங்க?"

"சீசன்லா. பாதிப் பேரு குத்தாலத்துக்குப் போயிருக்கான். குளிச்சிட்டு வந்தா ஒவ்வொருத்தனும் கல்லத் திம்பான்."

வீட்டம்மாவுக்குத்தான் முதலில் பிடிபட்டது. "படகு" என்றாள்.

சர்தார் எழுந்தார். தள்ளாடினார், சுவரைப் பிடித்தார், கிரேன் டிரைவரைப் பார்த்துக் கையை மேலே ஆட்டினார். காற்றாலை இறக்கை தூக்குகிற கிரேன் அது, வீட்டை அடுத்த கொட்டகையில் நின்றது. என் பெரிய அண்டா நிறையக் கொதிக்கிற பருப்பைச் சங்கிலியில் மாட்டி, தெருவுக்கு மேலே தூக்கி லாரியில் இறக்கியது. ஒரு சொட்டு சிந்தவில்லை. கீழே நின்ற எனக்குத்தான் இரண்டு கையும் மரத்துவிட்டன.

ஐந்தருவிக்குப் போகிற வழியில் எனக்குத் தெரிந்தவர் தோப்பு ஒன்று உண்டு. சீசனில் கார் நிறுத்த விடுவார். அங்கே பாயை விரித்தோம். சாரல் தூறிக்கொண்டிருந்தது. எண்ணெய் வழிய, பல் தந்தியடிக்க, துண்டைப் போர்த்திக்கொண்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அதில் அண்ணாச்சியும் வந்தார்.

"என்னலே, இங்கனயும் வந்துட்டீங்களா?"

"குளிச்சாச்சா அண்ணாச்சி?"

"ஆச்சு."

"அப்ப கேதம் தண்ணியோட போச்சுல்லா."

அவர் அண்டாவைப் பார்த்தார். ஆவி பறந்தது. கோர்ட்டில் தீர்ப்புச் சொல்கிறவர் போலத் தாடையைத் தடவினார். "இது வீடு இல்ல" என்றார்.

"தோப்பு அண்ணாச்சி."

"தோப்புல சாப்பிடக் கூடாதுன்னு எவனும் சொல்லல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு இடம் போதவில்லை. பஜார், மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த கேரளக் குடும்பங்கள், துபாயிலிருந்து லீவில் வந்த கடையநல்லூர்க்காரர்கள், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், எல்லோரும் ஈரத்தோடு ஒரே வரிசையில். யாருக்காக இந்தச் சாப்பாடு என்று கேட்டவர்களிடம் சர்தார், "எங்க பெரியவரு ஒருத்தர் சாப்பிடச் சொன்னாரு" என்றார். வேறு பிரசங்கம் இல்லை. அண்ணாச்சி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, கேட்காமலே பாயச வாளியை எடுத்துக்கொண்டு வரிசையில் இறங்கினார். கடைக்காரக் கை, அளந்துதான் ஊற்றியது.

என்னிடம் யாரும் வாளி தரவில்லை. மரத்த கையால் யார் மடியிலாவது பருப்பை ஊற்றிவிடுவேன் என்று நானே சொல்லியிருந்தேன். "அப்ப செருப்பப் பாரும்" என்றார் சர்தார். தோப்பு வாசலில் சேறும் செருப்புமாகக் கிடந்தது. குத்தவைத்து உட்கார்ந்து, பழைய சாக்கைக் கிழித்து, ஜோடி சேர்த்துத் துடைத்துத் துடைத்து வரிசையாக வைத்தேன். நாற்காலி போட்டுப் பழகிய வரிசை. பாபாவுக்கு இதில் என்னவோ கிடைத்திருக்கிறது. எனக்கும் வரும் என்று காத்திருந்தேன். சேறுதான் வந்தது. ஆனாலும் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

கடைசிப் பந்தி எழுந்த பிறகு வீட்டம்மா பாயைத் தட்டிப் போட்டாள். சர்தார் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் காட்டினார்.

"நீரு சாப்பிட்டீரா?"

"இல்ல."

இரண்டு தட்டு வந்தது. அவர் சப்பாத்தியைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்து வாயில் வைத்தார். வீட்டம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் மென்றார். விழுங்கினார்.

"உப்பு கம்மிவே" என்றார். அப்புறம் தாடி நனைய அழுதார், தின்பதை நிறுத்தாமலே. வெங்காயம் அங்கே எங்கேயும் இல்லை. நான் தட்டைப் பார்த்துக்கொண்டு தின்றேன்.

அண்ணாச்சி வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தான் தேடுகிற செருப்பு துடைத்து வைத்திருப்பதைப் பார்த்து என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மாட்டிக்கொண்டு, சர்தார் பக்கம் திரும்பி நின்றார். சொல்லலாமா வேண்டாமா என்று அவருக்கே குழப்பம்.

"போயிட்டு வாரேன் சர்தார்" என்றார் கடைசியில்.

"வாரும்" என்றார் சர்தார், வாயில் சப்பாத்தியோடு.

சாமான்களைக் கழுவி லாரியில் ஏற்றும்போதும் என் கை மரத்துத்தான் இருந்தது. போகிற வழியில் ஈசிஜி எடுக்கிற ஆஸ்பத்திரி திறந்திருந்தது. அண்டா நனைந்திருக்கிறது, உலர்த்தாவிட்டால் கறை பிடிக்கும் என்று நேரே கடைக்குப் போய்விட்டேன்.