போணிக்கு முன் ஒரு மாத்திரை

1. தெளியாத மயக்கம்

மீன் கூடை ஏற்றும் சிறிய டெம்போ ஒன்று அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் வந்து நின்றது. அதன் பின்புறத்திலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பெண்கள் இறங்கினார்கள். ஒருவர் மற்றவரை இறக்கினார் என்பதே சரி. இறக்கப்பட்டவர் அஞ்சலை. அறுபதை நெருங்கியவர், தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்து, அங்கேயே உட்கார்ந்து சில்லறையாக விற்பவர். இறக்கியவர் கஸ்தூரி, அஞ்சலைக்குப் பக்கத்து இடத்தில் அமர்ந்து விற்பவர்.

அன்று காலைப் பணியில் நான் மூத்த நர்சிங் ஆபீசர். அஞ்சலையின் ஜாக்கெட் வேர்வையில் நனைந்திருந்தது. கைகள் நடுங்கின. பார்வை என்மீது இருந்தும் அவர் என்னைப் பார்க்கவில்லை.

"எவ்ளோக்குக் கேக்குற? சொல்லிட்டு எடு. சும்மா மீனத் தொட்டுத் தொட்டுப் பாக்காத" என்றார்.

"சக்கரை கம்மியாயிடுச்சி சார், எனக்குத் தெரியும்" என்றார் கஸ்தூரி. "டீக்கடையில ஒரு கை சக்கரை வாங்கி இவ வாயில போட்டேன். மேல டீ வேற குடுத்தேன். தெளியவே மாட்டேங்குது."

குளுக்கோமீட்டர் நாற்பதுக்கும் கீழே காட்டியது. பணியிலிருந்த மருத்துவர் உத்தரவிட, நரம்பில் ஊசி ஏற்றி இருபத்தைந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸை மெதுவாகச் செலுத்தினேன். மருந்து முழுவதும் இறங்குவதற்கு முன்பே அஞ்சலையின் கண்கள் ஒரு நிலைக்கு வந்தன. அவர் கேட்ட முதல் கேள்வி, "என் கூடை எங்கடி?"

"தலையில வச்சிக்கிட்டு நிக்கிறேன் பாரு" என்றார் கஸ்தூரி. சொல்லிவிட்டுச் சுவரின் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சர்க்கரை கொடுத்தும் ஏன் தெளியவில்லை என்ற கேள்வி எனக்கும் மருத்துவருக்கும் ஒரே நேரத்தில் எழுந்தது. அஞ்சலையின் சுருக்குப்பையில் இருந்த மாத்திரைப் பட்டையை வாங்கிப் பார்த்தோம். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, வோக்ளிபோஸ் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை.

இதைப் படிக்கும் இளைய நர்சுகள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். கிளிமிபிரைடு, உணவு வந்தாலும் வராவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும்; உணவு வராவிட்டால் ரத்தச் சர்க்கரை தாழும். வோக்ளிபோஸ் வேலை செய்யும் இடம் குடல். நாம் உண்ணும் சர்க்கரை இரண்டு கண்ணிகள் பிணைந்த ஒன்று. அதைப் பிரிக்கும் நொதியை இம்மருந்து தடுத்து வைக்கும். எனவே வாயில் போட்ட சர்க்கரை ரத்தத்தை அடையத் தாமதமாகும். பிரிக்கத் தேவையில்லாத குளுக்கோஸ்தான் உடனே சேரும். பல ஆண்டுகள் வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நேரில் பார்த்தது அன்றுதான்.

"அப்ப நான் போட்ட சக்கரையெல்லாம் வேஸ்ட்டா சார்?"

"வேஸ்ட் இல்லம்மா. போய்ச் சேர லேட்டாவும். குளுக்கோஸ் பவுடரா இருந்தா சீக்கிரம் வேலை செஞ்சிருக்கும். நினைவு நல்லா இருந்து, முழுங்க முடிஞ்சா மட்டும்தான் வாயில குடுக்கணும். இல்லன்னா எதுவும் குடுக்காம நேரா இங்க கூட்டிக்கிட்டு வந்துடணும்."

"அந்த டீக்கடக்காரன் ஒரு கை சக்கரைக்கு என்னா மொற மொறச்சான் தெரியுமா! இது மின்னயே தெரிஞ்சிருந்தா அவன்கிட்ட கையேந்தியிருக்க மாட்டேன்."

2. சொல்லிவிட வேண்டிய ஒரு வார்த்தை

கிளிமிபிரைடு நெடுநேரம் உடலில் நிற்கும். ஒருமுறை ஏற்றிய சர்க்கரை மீண்டும் இறங்கலாம் என்பதால் அஞ்சலையை வார்டில் சேர்த்தோம். பிற்பகலில் அவர் மகன் சேகர் வந்தார். வெல்டிங் பட்டறையில் வேலை. சட்டையில் பொறி பட்ட ஓட்டைகள். என்னைத் தனியே அழைத்தார்.

"சார், இனிமே ஏலத்துக்குப் போவக்கூடாதுன்னு அம்மாகிட்ட நீங்க சொல்லிடுங்க. நான் சொன்னா கேக்காது. ஆஸ்பத்திரில சொன்னா கேக்கும்."

தனியே பேசியதாகத்தான் நாங்கள் இருவரும் நினைத்தோம். கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"சொல்லச் சொல்லுடா, நல்லா சொல்லச் சொல்லு. நாலு நாள் நான் உக்காரலன்னா எடத்த வேற எவளாவது புடிச்சிக்குவா. அப்புறம் கால்ல வுழுந்தாலும் கெடைக்காது. ஊட்ல உக்காந்து உன் பொண்டாட்டி மொகத்தையும் டிவியையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"பாத்தீங்களா சார்?" என்றார் சேகர். அவர் கோபப்படவில்லை. பயந்திருந்தார்.

அவர் கேட்டது தவறான கோரிக்கை அன்று. ஓய்வில் இருக்கும்படி அறிவுறுத்தப்பட்டது என்று எழுதிக் கொடுப்பது எங்களுக்கு எளிது. யாரும் அதைக் கேள்வி கேட்கப் போவதில்லை. ஆனால் அந்த ஒரு வரியால் அந்தப் பெண்மணியின் இடம் போய்விடும். எழுதுவதற்கு முன் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும் என்று தோன்றியது.

"மாத்திரையை எப்பம்மா போடுவீங்க?"

"சாப்பாட்டுக்கு மின்னாடின்னு சொன்னாங்க. ஊட்ல போட்டுட்டுத்தான் கெளம்புவேன்."

"சாப்பாடு?"

"போணி ஆனப்புறம்."

"போணி எப்ப ஆவும்?"

அஞ்சலை என்னைச் சற்று இரக்கத்துடன் பார்த்தார். "அத கடல்கிட்டதான் கேக்கணும். கடலுக்குப் போன போட்டு கரைக்கு வரணும், ஏலம் போவணும், நான் எடுக்கணும், அப்புறம் வாங்குறவன் மனசு வெக்கணும். போணி ஆவாம நான் பச்சத்தண்ணிகூட குடிக்க மாட்டேன் சார். அது என் பழக்கம்."

உணவுக்கு முன் என்று நாங்கள் சொன்னதை அவர் மீறவில்லை. அவருடைய உணவு எப்போது என்று நாங்கள்தான் கேட்கவில்லை.

வார்டு டயட்டீஷியன், போணியாவது ஒன்றாவது, காலையில் எழுந்ததும் இட்லி சாப்பிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "சரிம்மா" என்று அஞ்சலை தலையாட்டியதை நான் பார்த்தேன். அந்தச் "சரி"யை எல்லா வார்டுகளிலும் கேட்டிருக்கிறேன். வீட்டுக்குப் போனதும் அது காலாவதியாகிவிடும்.

மருத்துவரிடம் பேசினேன். உணவு நேரம் நிலையில்லாத ஒருவருக்குக் கிளிமிபிரைடு பொருந்தாது என்று அவரும் கருதினார். அதை நிறுத்தி, உணவு தாமதமானாலும் பொதுவாகச் சர்க்கரையை அப்படித் தாழ்த்தாத வேறு மருந்துக்கு மாற்றினார். வோக்ளிபோஸ் முதல் கவளத்தோடு மட்டும். மெட்ஃபார்மின் சாப்பிட்டு முடித்த பின். வீட்டில் எந்த மாத்திரையும் கிடையாது, எல்லாம் துறைமுகத்தில்தான்.

"அப்ப போணிக் காச கண்ணுல ஒத்திக்கிட்டு மாத்திரைய பிரிக்கிறேன்" என்றார் அஞ்சலை. "மொதல்ல சாமி, அப்புறம் நீங்க."

"ஆனா தண்ணி குடிச்சித்தான் ஆவணும்மா. அதுக்குப் போணி தேவையில்ல."

நெடுநேரம் யோசித்தார். "தண்ணி மட்டும்" என்றார். அது வேறு வகையான சரி.

3. பக்கத்து இடம்

வீட்டுக்கு அனுப்பும் நாளில் குளுக்கோஸ் பொட்டலத்தைக் கஸ்தூரியின் கையில் கொடுத்தேன்.

"எனக்கா சக்கரை வியாதி? நான் எதுக்கு சார் வச்சிக்கணும்?"

"அவங்களுக்கு வரும்போது அவங்களுக்குத் தெரியாதும்மா. பக்கத்துல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்."

"அது உண்மதான்" என்றார் கஸ்தூரி. "அன்னிக்கு மொத ஆள் வந்து வஞ்சிரம் கேக்குறான், இவ காரப்பொடி மீனு விக்கிற சல்லிசு வெலைய சொல்றா. நான் பதறிப்போயி மீன அவன் கையிலேந்து புடுங்கினேன். அப்பவே நெனச்சேன், இவளுக்கு என்னமோ ஆயிடுச்சின்னு. நல்லா இருக்கறப்ப இவ ஒரு மத்தி தலைய கொசுறு குடுப்பாளா?"

"அடியே!" என்றார் அஞ்சலை.

வேர்வை, நடுக்கம், குழப்பம் என்று பாடப்புத்தகம் அறிகுறிகளை வரிசையாகச் சொல்கிறது. அஞ்சலையைப் பொறுத்தவரை முதல் அறிகுறி, வஞ்சிரத்தை மலிவாகக் கொடுப்பது. அதை அறியக்கூடியவர் உலகில் ஒருவர்தான். சேகரிடம் அதைத்தான் சொன்னேன். ஏலத்துக்குப் போகக்கூடாது என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. அவர் கஸ்தூரியைப் பார்த்துவிட்டு, "அத்தை பக்கத்துல இருந்தா போவட்டும் சார்" என்றார்.

அதன்பின் சில மாதங்கள் நான் விடுப்பில் இருந்தேன். அந்த விடுப்பின் முடிவில் என் மனைவி காலமானார். காரியங்கள் முடிந்து பணியில் சேர்ந்த வாரத்தில், ரத்த அழுத்தம் பார்க்கக் கஸ்தூரி வந்தார். அஞ்சலை எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"அவளுக்கென்னா, அதே எடத்துல உக்காந்து கத்திக்கிட்டு இருக்கா. மாத்திரைய சரியா போடுறா. நான்தான் சார் மாட்டிக்கிட்டேன். அவளுக்குப் போணி ஆவுற வரைக்கும் எனக்கும் சோறு எறங்க மாட்டேங்குது. பொட்டலம் என் மடியில இருக்குதா, கண்ணு அவ மேலயே இருக்குது. பழகிப்போச்சு."

"அப்படித்தான் பழகும்" என்றேன். அவருடைய அழுத்தத்தை எழுதிக் கொடுத்தேன்.

இதில் இளையவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். மாத்திரையின் நேரத்தைச் சொல்லுமுன் நோயாளியின் நாள் எப்படிப் போகிறது என்று கேளுங்கள். அந்த நாளில் அவர் பக்கத்தில் யார் இருக்கிறார் என்றும் கேளுங்கள். மருந்தின் நேரம் இருவருக்கும் சேர்த்தே வகுக்கப்படுகிறது.

என் மனைவிக்குத் தைராக்சின். எழுந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீருடன் மட்டும். காபி ஒரு மணி நேரம் கழித்தே. அவரைப் பார்க்கவைத்துக் குடிக்க மனமில்லாததால் நானும் காத்திருப்பேன். "மாத்திரை எனக்கு, பத்தியம் உங்களுக்கா?" என்று கேட்பார்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். விடியற்காலையில் விழிப்பு வந்துவிடுகிறது. முகம் கழுவித் தண்ணீர் குடித்துவிட்டு, காபிக்கு ஒரு மணி நேரம் பொறுத்திருக்கிறேன். எனக்குத் தைராய்டு நோய் இல்லை.