மாடி வீட்டுக் கவினின் முதல் நாள்

இன்று காலை எட்டரைக்கு என் கையில் ஒரு குழந்தை வந்து சேர்ந்தது!

(பயப்பட வேண்டாம். மாடி வீட்டு ரேவதியின் மகன். பெயர் கவின், வயது ஏழு மாதம்.)

பிரசவ விடுப்பு முடிந்து ரேவதிக்கு இன்று அம்பத்தூர் கம்பெனியில் முதல் நாள்.

"அக்கா, இன்னிக்கு ஒரு நாள் பாப்போம். இவன் இருக்க மாட்டேன்னு அழுதா வேலைய உட்டுடறேன்" என்றவள், திரும்பிப் பார்க்காமல் திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

கேட் சாத்திய சத்தத்திலேயே ஆரம்பித்துவிட்டான்.

தோளில் போட்டேன். தூளியில் போட்டேன். காக்கா காட்டினேன். ஃபேன் காட்டினேன்.

பாட்டுகூடப் பாடினேன். (அதற்குத்தான் இன்னும் சத்தமாக அழுதான்.)

பக்கத்து வீட்டு எல்லம்மா அக்கா மதில் மேல் எட்டிப் பார்த்தார்.

"இன்னாமே, கொயந்தய கிள்ளிக்கினு கீறியா?"

"நீங்க வந்து தூக்கிப் பாருங்கக்கா!"

"ஐய, எனக்கு இடுப்பு வலி. நீயே தூக்கிக்கினு நட. ஒக்காந்தா அதுக்குத் தெரிஞ்சிடும்!"

உண்மைதான். நடந்தால் விசும்பல், உட்கார்ந்தால் அலறல். ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடந்து நடந்து எனக்குக் கால் மரத்துப்போனது. நாற்பத்தாறு வயதில் தெரிகிறது, ஏழு மாதக் குழந்தை எவ்வளவு கனம் என்று.

மதியம் ஒருவழியாக என் நைட்டித் தோளைச் சப்பியபடி அடங்கினான்.

அப்போது வந்தது ரேவதியின் வீடியோ கால்.

அம்மா முகத்தைப் பார்த்ததும் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அலறினான். அந்தப் பக்கம் அவளும் அழ ஆரம்பித்தாள்.

"முடியலக்கா. லெட்டர் குடுத்துட்டு இப்பவே வந்துடறேன்."

இதே வார்த்தைகளை நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அப்போது என் மகனுக்கு எட்டு மாதம். அதற்குப் பிறகு நான் வேலைக்கே போகவில்லை.

"ஹலோ... ரேவதி... ஒண்ணும் கேக்கலையே, சிக்னலே இல்ல" என்று கட் செய்தேன்.

அவன் அழுதான். நான் நடந்தேன்.

அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டான். வாயோரம் பருப்புச் சோறு. அப்படியே போட்டோ எடுத்து அனுப்பினேன்.

மாலை ஆறரைக்கு வந்து அவனை அள்ளிக்கொண்டாள். "அந்த போட்டோவப் பாத்துட்டுதான்க்கா சீட்ல ஒக்காந்தேன்" என்றாள். லெட்டர் கொடுக்கவில்லை.

ரேவதி, இந்தப் பதிவை நீ எப்படியும் படிப்பாய். மதியம் சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

நாளைக்கும் எட்டரைக்குக் கொண்டு வா.

வீடியோ கால் மட்டும் வேண்டாம், தாயே!